தண்ணீர் கேனுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் பழைய கம்ப்யூட்டர் எதையும் அவசரப்பட்டுச் செய்யாது. ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் முதலில் யோசிக்கும். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் நான் எழுந்து போய் குக்கரில் அரிசி வைத்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் தொடங்கி மூக்குத்தி வரைக்கும் வந்திருக்கும். மீதி முகம் வருவதற்குள் விசில் அடித்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு நடந்தது.

நான் போட்டோ எடிட் செய்கிறவள். ஸ்ரீபெரும்புதூர், தண்டலம் பக்கத்துப் போட்டோகிராபர்கள் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். முகத்தைத் துடைத்து, நிறத்தைச் சரிசெய்து, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பேன். அதற்கு முன்பு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் வரிசையாக டியூப்லைட் எரியும். நடுவில் புதுப் பெயிண்ட் அடித்த வண்டி உடம்பு மெல்ல நகர்ந்து வரும். கையுறை போட்ட கையால் தடவிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு தூசி, ஒரு முடி, வழிந்து உறைந்த ஒரு சொட்டு என்று எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தைத் தேய்த்து மழமழப்பாக்க அடுத்த ஆள் காத்திருப்பார்.

ஷிப்டும் கம்பெனி பஸ்ஸும் ஒத்துவராமல் அந்த வேலையை விட்டுவிட்டேன். கண் மட்டும் வேலையை விடவில்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போது ஊரே பெண்ணைப் பார்க்கும்; நான் தூணில் பெயிண்ட் வழிந்திருப்பதைப் பார்ப்பேன். பழக்க தோஷம்.

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு தோஷம். அவர் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவருக்கு உலகமே ஒரு லைன். சாம்பார் வரத் தாமதமானால்கூட, "எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சு?" என்றுதான் கேட்பார். அப்படிப்பட்டவரிடம் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் சும்மா விடுவாரா?

"இன்னா போட்டா ஓடும்ன்ற?" என்றார்.

"கிராபிக்ஸ் கார்டு."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. வீடியோவுல சொல்றாங்க."

"வீடியோக்காரன் உன் மெஷினைப் பாத்தானா? லைன்ல ஒரு ஸ்டேஷன் நின்னுகினு இருந்தா, மத்த ஸ்டேஷன்ல நீ எத்தினி ஆளைப் போட்டாலும் வண்டி வெளிய வராது. எங்க குவியுதுன்னு மொதல்ல பாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைக் கல்யாணப் படங்களை வரிசையாகத் திறக்கச் சொல்லிவிட்டு, எந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஜன்னலை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டார். படம் திறக்கத் திறக்க ராம் நிரம்பியது. நிரம்பி வழிந்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு மூச்சு முட்டியது. பிராசஸரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா? ஆளு சும்மா குந்திகினு கீறான். மெட்டீரியல் வந்து சேரல." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு எனக்குப் புரியும் பாஷையில் விளக்குவதாக நினைத்துக்கொண்டு, "ராமுன்றது உன் சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க்குன்றது பரண். மேடை சின்னதா இருந்தா, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நீ பரண் மேல ஏறி எறங்கணும்" என்றார்.

"பரண்ல ஏறிப் பாத்திரம் எடுத்துக் குடுக்கிற ஆளு மாதிரி பேசாதீங்க" என்றேன்.

ஆனால் அவர் சொன்னது சரிதான். ராமை அதிகமாக்க வேண்டும், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட வேண்டும் என்பது அவர் கட்சி. முகத்தில் உள்ள பரு, தழும்பு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்து அழிக்கும் ஏஐ டூல் வந்திருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அது அசையாது என்பது என் கட்சி. நானும் விடவில்லை. வழக்கு வாய்தா வாங்கிக்கொண்டே போனது.

முடித்துவைத்தது என் நாத்தனார் மகனின் முதல் பிறந்தநாள்.

நாத்தனார் இவருடைய ஒரே தங்கை. வல்லம் வடகாலில் கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஊர்த்தெருவில் அவள் வீடு. கல்யாணமாகி ரொம்ப நாள் அவளுக்குப் பிள்ளை இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னா, எதுனா விசேஷமா?" என்று கேட்டுக் கேட்டு, அவள் விசேஷ வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். போனாலும் பந்தி பரிமாறும் பக்கம் நின்றுகொள்வாள். யார் குழந்தையையும் கை நீட்டி வாங்கமாட்டாள்.

என் மகளுக்குப் பேர் வைத்த நாளை மட்டும் சொல்கிறேன். நாத்தனார் ஆசையாக ஒரு கவுன் வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்ததும், என் மடியில் இருந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா சட்டென்று மை டப்பாவில் விரலை விட்டு, குழந்தையின் கன்னத்தில் ஏற்கனவே இருந்த திருஷ்டிப் பொட்டை இன்னும் பெரிதாக வைத்தார். நாத்தனார் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். கவுனை என் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரியம்மாவுக்கு அன்று பாயசம் போகவில்லை. அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிந்தது?

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பிள்ளையின் முதல் பிறந்தநாள். போட்டோகிராபர் வேண்டாம், அண்ணிதான் எடுக்க வேண்டும் என்றாள். எனக்கு வேலை கொடுக்கும் போட்டோகிராபரிடம் கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளை கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு மைப்பொட்டு. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றியதும் அவன் பயந்து வீரிட்டான். அவள் வாரியெடுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்துவிட்டேன். வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது. அதைத் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்ததும் போட்டோகிராபர் அடுத்த முகூர்த்தத்துக்காக அதன் மெமரி கார்டை அழித்துவிட்டார். கவலை இல்லை, படமெல்லாம்தான் என்னிடம் இருக்கிறதே. அதில் ஒரு படத்தில் நாத்தனார் முகத்தைத் திறந்து ஒரு சுருக்கத்தைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. குக்கர் வைத்து, இறக்கி, குழம்பும் கொதித்துவிட்டது. வட்டம் நிற்கவில்லை. பொறுமை போய், "இன்னிக்கு ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று கத்தினேன். அந்த வாரமே கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம்.

பழைய பெட்டியில் எதுவும் பொருந்தாது என்றார்கள்; புதுக் கம்ப்யூட்டராகவே வாங்கினோம். இரண்டு கட்சிக்கும் வெற்றி. ராமும் வந்தது, கிராபிக்ஸ் கார்டும் வந்தது, எஸ்எஸ்டியும் வந்தது. கையிருப்பு தீர்ந்ததால் எஸ்எஸ்டியில் மட்டும் சின்னதை வாங்கினோம். "ஒரிஜினல் படமெல்லாம் போட்டு வைக்கப் பெருசா ஒரு ஹார்ட் டிஸ்க் சேத்துப் போடுங்க" என்று கடைக்காரர் சொன்னார். "அப்பால பாத்துக்கலாம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பழையதிலிருந்து படங்களைப் புதியதுக்கு மாற்ற உட்கார்ந்தேன். வேண்டாததை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனியில் பழக்கியிருந்தார்கள். அதனால் அங்கே அழிந்து இங்கே வரும்படி கட் செய்து ஒட்டப் பார்த்தேன். பழையது பாதியில் தொங்கியது. கெஞ்சியும் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன். கடைசியில் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, இரண்டாம் தடவை வெறும் காப்பியாக எடுத்துக்கொண்டு போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்டியை எக்ஸ்சேஞ்சில் எடுக்க ஒரு கடைக்காரரும் தயாராக இல்லை. நல்ல இரும்புப் பெட்டி. இவர் அதைச் சமையலறையில் படுக்கவைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தார். குழாய் சரியாகச் சொம்பு உயரத்துக்கு வந்தது. "இத்தினி வருஷத்துல இப்பதான் இது ஒழுங்கா ஒரு வேலை செய்யுது" என்றார்.

புதுப் பெட்டிக்கு ஆயுத பூஜை போல மரியாதை. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தார். நான் படங்கள் இருந்த ஃபோல்டரை மொத்தமாகக் காட்டி, முகத்துக் கறை நீக்கும் பட்டனை அழுத்தினேன். பழைய நினைப்பில் அரிசி களையப் போனேன். அரிசியில் கை வைப்பதற்குள் டிங் என்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. ஒவ்வொரு முகமும் பாலிஷ் போட்டு வெளியே வந்த வண்டி மாதிரி மின்னியது. தூசி இல்லை, முடி இல்லை, சொட்டு இல்லை. டிஸ்க் சின்னது என்பதால் பழைய படங்களின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டிருந்தேன். ஆல்பம் அடுக்கி, பிரிண்டுக்கு அனுப்பி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சுடிதாருக்குக் காலர் இல்லை, இருந்திருந்தால் தூக்கியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் அச்சாகி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருக்க, ஆல்பத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு குறைந்தது. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, இவன் கன்னத்துல பொட்டு எங்க?"

எட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் பொட்டு இல்லை. கேக் வெட்டும்போது இல்லை, மொட்டை மாடியில் இல்லை, கோயிலில் இல்லை. புளியங்கொட்டை அளவுப் பொட்டைக் கறை என்று நினைத்து டூல் துடைத்தெறிந்திருந்தது. அதுவாவது மெஷின். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியில் தூசி தேடிய நான், பொட்டு இல்லாத பிள்ளையை அத்தனை பக்கத்தில் அடுக்கிவிட்டு, ஆகா என்ன மழமழப்பு என்று மகிழ்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, பிள்ளைக்கு அழித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓகே பீஸை ரிஜெக்ட்ல போட்டுட்டாங்கடி உங்க அண்ணி."

"சும்மா இருங்க" என்று அவரை அதட்டிவிட்டு, நாத்தனாரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஒரு படத்தைத் திறந்து, கறுப்பு எடுத்து, பிள்ளையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக் காட்டினேன். புது மெஷினில் அது கண் இமைக்கும் நேர வேலை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க அண்ணி, இவன் அழகுக்கு இது பத்தாது" என்றாள். அப்பாடா என்று இருந்தது. மறுபடி பிரிண்ட் போட்டுவிடலாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது அவள் ஆல்பத்தில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்த படம். படத்தில் தன் கன்னத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க இருந்தது?"

"எதும்மா?"

"மை. இவன் பொட்டு என் மேல ஈஷிகிச்சே. பந்தியில எல்லாரும் சிரிச்சாங்களே, நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொடைச்சிக்கோன்னு எத்தினி பேர் சொன்னாங்க தெரியுமா? நான் தொடைக்கல அண்ணி. மறுநாள் குளிக்கிற வரைக்கும் அப்படியேதான் இருந்தேன்." குரல் உடைந்தது. "உங்க பொண்ணுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு என்னப் பாத்துதானே பெரியம்மா மையை எடுத்தாங்க. உங்களுக்கும் தெரியும். நான் வந்தாலே புள்ளைங்களுக்குப் பொட்டு பெருசாயிடும். அந்த மை என் மூஞ்சில ஒட்டிச்சுன்னா, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சிரித்துக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "வரைஞ்சு குடுத்துடறேம்மா, அச்சு அசலா இருக்கும்" என்றேன். சொல்லும்போதே அது தப்பு என்று தெரிந்தது.

"வரைஞ்சது வேணாம் அண்ணி. பட்டது வேணும்."

கேமராவின் மெமரி கார்டு அழிந்துவிட்டது. புது டிஸ்க்கில் படத்தின் மேலேயே படம் ஏறிவிட்டது. எங்கே போவது? வேகமாக ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய மெஷினில் பழையதை வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. இவர்தான் மெல்லக் கேட்டார்: "பழைய பெட்டியிலேர்ந்து நீ கட் பண்ணியா, காப்பி பண்ணியா?"

கட் செய்யப் பார்த்தது தொங்கிப்போனதும், கோபத்தில் காப்பி செய்ததும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினோம். தண்ணீர் கேன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதன் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த வாஷரை மாத்துங்கன்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன்!" என்று நான் கத்த, அவர் கேனை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்கினார். பலகை ஊறியிருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் துருவேறி, திருகுகள் கழலமாட்டேன் என்றன. திறந்ததும் ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மதர்போர்டில் பச்சை பூத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் மூலையில் தன் கூட்டுக்குள் இருந்தது. அதன் மேல் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்தேன். வண்டியைத் தடவிப் பார்த்த கைக்கும் அன்று ஒன்றும் தெரியவில்லை.

வெயிலில் வைக்கலாம் என்றேன். கூடாது என்று சொல்லி ஃபேனுக்குக் கீழே வைத்தார். நாத்தனார் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, டிஸ்க்கை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் புது மெஷினில் மாட்டினார். சத்தமே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினார். அப்போதும் இல்லை. வேறு கேபிள் தேடி எடுத்துச் செருகியதும் கர்ர் என்று ஒரு கனைப்பு. அந்தச் சத்தத்தை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! அன்று நாதஸ்வரம் கேட்டது போல இருந்தது.

ஃபோல்டர் இருந்தது. அந்தப் படத்தின் மேல் கிளிக் செய்தேன். வட்டம் சுற்றியது. புது ராம், புது கார்டு, எல்லாம் தயாராகக் கை கட்டி நின்றன. பழைய டிஸ்க் தன் போக்கில் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தது. யாரும் குக்கர் வைக்கப் போகவில்லை. முதலில் கூரை வந்தது. பலூன் வந்தது. அவள் வகிடு, நெற்றிக் குங்குமம், மூடிய கண்கள். மூக்குத்தி வரை வந்து நின்றுவிட்டது.

"வந்துடும்" என்றார் இவர், யாருக்கோ சொல்வதுபோல.

பிறகு ஒரு கர்ர். கன்னம் வந்தது. பிள்ளையின் கன்னத்தில் பாதி கலைந்த பொட்டு. அவள் கன்னத்தில் மீதிப் பாதி, பிறை போல இழுபட்டு, ஓரத்தில் கண்ணீரோடு கரைந்து.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "மொதல்ல காப்பி எடு, அப்பால எல்லாரும் சேந்து அழுவலாம்" என்று இவர் சொன்னார். சொன்னவர் கண்ணும் சரியில்லை. காப்பி எடுத்தேன். பிறகு சரிபார்க்க வேண்டும் அல்லவா, படத்தைப் பெரிதாக்கினேன். கை தன் பாட்டுக்கு மவுஸை முகம் துடைக்கும் டூல் பக்கம் நகர்த்தியது. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, தயவு பண்ணி எந்திரிங்க."

எழுந்துவிட்டேன். நிறம் திருத்தவில்லை, வெளிச்சம் ஏற்றவில்லை. எடுத்தது எடுத்தபடி பிரிண்டுக்குப் போனது. அடுத்த மாதம் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டோம். இப்போது எந்த ஃபோல்டரையும் இரண்டு இடத்தில் வைக்காமல் பட்டனை அழுத்துவதில்லை. தண்ணீர் கேனுக்கு ஸ்டூல் வந்துவிட்டது. வாஷர் மட்டும் இன்னும் மாறவில்லை.

அந்தப் படம் பெரிய ஃப்ரேமில் நாத்தனார் வீட்டுக் கூடத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறது. பிள்ளையைப் பார்க்க அந்தப் பெரியம்மா ஒருநாள் வந்திருந்தார், நானும் இருந்தேன். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கிண்டல் செய்தார். "ஊரு மூஞ்சியெல்லாம் தொடைக்கிறவ, நாத்தனா மூஞ்சில இருக்கிற கறையைத் தொடைக்காம வுட்டுட்டியே?"

நான் வாயைத் திறப்பதற்குள், காபி டம்ளரோடு வந்த நாத்தனார் நின்றாள்.

"அது கறை இல்ல பெரிம்மா. எனக்கு என் புள்ள வெச்ச திஷ்டிப் பொட்டு."